பழைய புடவைகளை லாட்டாக இணையத்தில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே பழைய பட்டு, பருத்திப் புடவைகளை வாங்கி, தரம் பிரித்து, லாட் கட்டி இணையவழி விற்று வருகிறேன். காவேரிப்பட்டினம், பாலக்கோடு, பர்கூர், ஓசூர், அரூர் என்று பல ஊர்களிலிருந்தும் அழைத்துக் கேட்பவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அக்கா, லாட் என்றால் கிலோ கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா?

எண்ணிக்கைக் கணக்கு. பத்து, இருபது, ஐம்பது என்று புடவைகளைச் சேர்த்துக் கட்டி, மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்லி விற்பதுதான் லாட். வாங்குபவர் அதைப் பிரித்துச் சில்லறையாக விற்பார், அல்லது வெட்டிச் சுடிதார், பாவாடை, பை என்று தைப்பார்.

கிலோ கணக்கு என்பது கந்தல் துணி வியாபாரம். ஜரிகை நிறைந்த கல்யாணப் பட்டு ஒரு கிலோ வரை கனக்கும். நல்ல பருத்திப் புடவை அதில் பாதிகூட இருக்காது. இரண்டையும் தராசில் போட்டால் ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

எத்தனை வருடம் பழையதாக இருந்தால் விண்டேஜ் என்று போடலாம்?

இருபது ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது வியாபாரத்தில் உள்ள வழக்கம். சட்டம் எதுவும் இதற்கு இல்லை. ஐந்து வருடம் முன்பு வாங்கிக் கட்டிய புடவையை 'பயன்படுத்தியது' என்று எழுதுங்கள், அதற்கும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டியது வேறு கணக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பர்கூரில் மொத்தமாகக் கிடைக்குமா?

பர்கூரின் ஜவுளிக் கடைகளில் கிடைப்பது புதிய துணி. மொத்த விலைக்குப் புதிய புடவை வாங்கி விற்பவர்களுக்கு அது நல்ல இடம், நம் தொழிலுக்கு அங்கே வேலையில்லை.

பழைய புடவைகள் வீடுகளில்தான் இருக்கின்றன. வீடு மாறும்போது, பாகம் பிரிக்கும்போது, பாட்டி இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது அவை வெளியே வருகின்றன. முதலில் உறவினர்கள், பிறகு அவர்களின் உறவினர்கள் என்றுதான் எனக்கும் வந்து சேர்ந்தன. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களிடமும் சொல்லி வைக்கலாம். அவர்கள் ஒரு ஸ்டீல் தூக்குக்கு வாங்கிய மூட்டையில் அருமையான சின்னாளப்பட்டிச் சேலையைப் பார்த்திருக்கிறேன்.

இறந்தவரின் புடவைகளை வாங்கப் போகும்போது விலையை முதலில் பேசாதீர்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று சொல்வார்கள். உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் ஒன்றிரண்டை வேண்டாம் என்று திரும்ப எடுத்து வைத்தால் மறுப்புச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

வாசலில் 'பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்' என்று கூவி வருபவர் உடனே பணம் தருகிறார். அவரிடமே கொடுத்தால் என்ன?

அவர் வாங்குவது உங்கள் புடவையை அல்ல, அதில் இருக்கும் வெள்ளியை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றியது. புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். ஒரு நெசவாளர் குடும்பம் பல நாள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தது சில நிமிடங்களில் சாம்பலாகிவிடும்.

இற்றுப்போன புடவை என்றால் கொடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் உடல் உறுதியாக இருக்கும் புடவையை, கட்டக்கூடிய புடவையை, அந்த நெருப்புக்குக் கொடுக்காதீர்கள் என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நெய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். என்னிடம் விற்க வேண்டும் என்பதில்லை, யாரிடமாவது புடவையாக விற்றுவிடுங்கள்.

பட்டு அசலா, ஜரிகை அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பட்டைப் பார்க்க முடியும். முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு, முடி பொசுங்கும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணக்கும். ஊடையும் பாவும் வேறு வேறு நூலாக இருக்கக்கூடும் என்பதால் நீளத்தில் ஒன்றும் அகலத்தில் ஒன்றுமாக எடுத்துச் சோதியுங்கள்.

ஜரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் என்பார்கள். போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. செம்புக் கம்பி ஜரிகை நாளாக நாளாகக் கறுத்துப் பச்சை பூக்கும். பிளாஸ்டிக் ஜரிகை வழவழவென்று, கனமே இல்லாமல் இருக்கும். உறுதியாகத் தெரியாதபோது 'ஜரிகை சோதிக்கப்படவில்லை' என்று எழுதிவிடுவதே நேர்மை.

என் பாட்டியின் புடவை எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. புடவையைவிட அதோடு இருக்கும் காகிதத்தை முதலில் பாருங்கள். கடைப் பை, அட்டைப் பெட்டி, விலைச் சீட்டு, பில் எதையும் தூக்கி எறியாதீர்கள். நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் அடையாளம் அதில் இருக்கும். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது. கடை முகவரியில் 'கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தர்மபுரி மாவட்டமே 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்தது. 'கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லா' என்று அச்சிட்ட பெட்டி கையில் கிடைத்தால் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மற்ற ஊர்க் கடைகளுக்கும் வழி உண்டு. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 'மெட்ராஸ்-17' என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். மெட்ராஸ் சென்னையானது 1996இல். லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் மேலே சுழித்து அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. ஆனால் சில அச்சகங்கள் பழைய எழுத்துகளை அதற்குப் பிறகும் சில காலம் வைத்திருந்தன. 'சில்க் மார்க்' சீட்டு தொங்கினால் 2004க்கு முன்பு போக முடியாது.

காகிதமே இல்லையென்றால் துணியின் மூலையைப் பாருங்கள். சில பருத்திப் புடவைகளிலும் வேட்டிகளிலும் கறுப்பில் இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று சின்னதாக ஒரு குறி இருக்கும். சலவைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு வீடு அடையாளம் தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றில் இட்டது. எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. இதைக் கறை என்று எழுதிவிடாதீர்கள். சலவைக் குறி என்று சொல்லிப் பக்கத்தில் எடுத்த படத்தையும் போடுங்கள், அதற்காகவே வாங்குபவர்கள் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் வருடம் துல்லியமாகத் தெரியாது. '1970களாக இருக்கலாம், காரணம் இது' என்று காரணத்தோடு எழுதுங்கள்.

எல்லாப் பட்டையும் காஞ்சிபுரம் என்று போட்டால் சீக்கிரம் விற்கிறதே?

போடாதீர்கள். காஞ்சிபுரம் பட்டு என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர், அந்தப் பகுதியில் நெய்ததற்கு மட்டுமே உரியது. நம் பக்கத்துக் கல்யாணங்களுக்கு ஆரணி, சேலம், தர்மவரம், பெங்களூரு என்று நான்கு திசையிலிருந்தும் பட்டு வந்திருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பெட்டிகளில் மைசூர் கிரேப் பட்டும் நிறையக் கிடைக்கும். அவை எதுவும் தாழ்ந்ததல்ல.

கரையும் உடலும் வேறு நிறமாக இருந்தால் புடவையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிறமும் ரம்பப் பல்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது கோர்வை. கோர்வை இருப்பதாலேயே காஞ்சிபுரம் ஆகிவிடாது. 'கோர்வைக் கரை, ஊர் தெரியவில்லை' என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் நம்பி வாங்குவார்.

தரம் பிரிப்பது எப்படி? எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

காலை வெயில் வரும் ஜன்னல் எதிரே நின்று, இருவர் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, புடவையை முழம் முழமாக வெளிச்சத்தில் நகர்த்துங்கள். மடித்து வைத்துப் பார்ப்பது பார்த்ததாகாது. மூன்று வருடம் முன்பு காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் அரக்கு நிறப் பட்டு வந்தது. மடிப்பில் பார்த்தால் நேற்று எடுத்ததுபோல் மின்னியது. வெளிச்சத்தில் விரித்தபோது மடிப்புக் கோடு நெடுக ஊசிக்கண் அளவில் ஓட்டைகள் தெரிந்தன. கட்டை விரலால் லேசாக இழுத்தேன். சத்தமே இல்லாமல் ஒரு சாண் பிரிந்துவிட்டது. பல ஆண்டுகளாக ஒரே மடிப்பில் இருந்ததால் ஜரிகைக் கம்பி பட்டை அறுத்திருக்கிறது.

ஆகவே நான் பார்க்கும் முதல் குணம் உறுதி. கட்டக்கூடியது, இழை தைத்தால் கட்டக்கூடியது, வெட்டித் தைக்க மட்டும் உதவுவது என்று மூன்று குவியல். நிறம், கறை, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நல்லது நான்கு, சுமாரானது பதினாறு இருக்கிறது. கலந்து ஒரே லாட்டாகக் கட்டினால் தவறா?

கலப்பது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. 'கட்டக்கூடியது 4, தையல் தேவைப்படுவது 9, வெட்டுவதற்கு 7' என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நல்ல நான்கை மட்டும் படமெடுத்து மேலே போட்டு, மீதியை 'மற்றும் பல' என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இரண்டாவது லாட் வாங்குவதில்லை.

விலையில்லாச் சேலைகளையும் நடுவில் செருகாதீர்கள். அந்தத் திட்டம் 1983இல் தொடங்கியது, எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவை எளிய பெண்களுக்காக அரசு கொடுத்தவை. எண்ணிக்கையை நிரப்புவதற்கான சரக்கு அல்ல.

ஐம்பது புடவைக்கும் படம் எடுக்க வேண்டுமா?

வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று: முந்தானை, கரையோடு சேர்ந்த உடல், குறை. குறையே இல்லாவிட்டால் பின்புறம். ஒவ்வொரு புடவையிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசி இல்லாமல் நூலால் கட்டுங்கள், குண்டூசி துருப்பிடித்துத் துளை விழுத்தும். நிழலில், பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுங்கள். அரக்கு சிவப்பாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும்.

விற்பதற்கு முன் துவைத்து, பாலிஷ் போட்டுவிடட்டுமா?

பருத்தியை உப்புப் போட்ட தண்ணீரில் தனித்தனியாக அலசி நிழலில் உலர்த்தலாம், சாயம் போகிறதா என்று ஒரு மூலையை முதலில் நனைத்துப் பார்த்த பிறகு. பழைய பட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். கடைகளில் செய்யும் ரோல் பாலிஷை இற்ற பட்டு தாங்காது. இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டாலே பெட்டி வாடை பெரும்பாலும் போய்விடும்.

அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையையோ கிராம்பையோ சிறு முடிச்சாகப் பக்கத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஏன் என்பது அந்த அரக்குப் புடவை சொன்ன கதை.

விலை எப்படி வைப்பது?

ஒவ்வொரு புடவையும் தனியாக விற்றால் என்ன போகும் என்று எழுதிக் கூட்டுங்கள். அதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரைதான் நான் லாட்டுக்குச் சொல்வது. வாங்குபவர் மறுபடி படமெடுத்து, ஒவ்வொன்றாக விற்று, சிலவற்றைத் தேங்க விட்டு, அதன் பிறகு லாபம் பார்க்க வேண்டும். மிக நல்ல புடவை ஒன்று இருந்தால் அதை லாட்டில் போட்டு வீணாக்காமல் தனியே விற்றுவிடுங்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூரு கண்ணுக்கெட்டும் தூரம். அங்கே விற்கவும் ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

வியாபாரமாகச் செய்தால் வேண்டும். தூரம் கணக்கில்லை, மாநில எல்லைதான் கணக்கு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குப் போகும் லாட்டுக்கும் டெல்லிக்குப் போகும் லாட்டுக்கும் இதில் வித்தியாசமில்லை. நம் மாவட்டத்துக்காரர்கள் பலரும் சறுக்கும் இடம் இது, ஏனென்றால் நம்மிடம் லாட் வாங்கும் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பெங்களூருக்காரர்கள்.

மின்வணிகத் தளங்கள் வழியாக விற்றால், 2023 அக்டோபர் 1 முதல், பதிவு பெறாத சிறு வணிகரும் ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். உங்கள் சொந்த வீட்டுப் பெட்டியில் இருந்த புடவைகளை ஒருமுறை விற்பது வியாபாரம் ஆகாது.

பழைய பொருளுக்கு லாபத்தின் மீது மட்டும் வரி என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜிஎஸ்டி விதி 32(5) அதைச் சொல்கிறது. பதிவு பெற்ற பழைய பொருள் வணிகர், இருபது புடவைகளை 9,000 ரூபாய்க்கு வாங்கி 14,000 ரூபாய்க்கு விற்றால் 5,000 ரூபாய் மீது மட்டும் வரி கணக்கிடலாம். நஷ்டத்துக்கு விற்றால் அந்த விற்பனைக்கு வரி இல்லை.

வாங்கியபோது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருக்கக் கூடாது (உள்ளீட்டு வரவு என்பது இதுதான்). பொருளின் தன்மையும் மாறக் கூடாது. இழை தைத்து விற்கலாம். புடவையை வெட்டிப் பாவாடையாகத் தைத்து விற்றால் இந்தச் சலுகை பொருந்தாது. வீடுகளில் வாங்கும்போது பில் கிடைக்காது அல்லவா, ஆகவே ஒரு நோட்டில் தேதி, எண்ணிக்கை, கொடுத்த தொகை எழுதி விற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொடங்கும் முன் ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபது புடவையை எதில் அனுப்புவது?

பட்டு என்றால் இருபது புடவை பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். லாரி பார்சல் ஆபீஸில் செலவு குறைவு, கூரியரில் வேகம். புடவைகளை மடிக்காமல் சுருட்டி, வேட்டித் துணியில் பொதிந்து, அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் உறை, அதன் மேல் சாக்கு என்று தையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறையை இரண்டாக்குங்கள். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) தேவை.

'பணம் போடுகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்' என்கிறார் ஒருவர். செய்யலாமா?

செய்யாதீர்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். பணம் வந்த படத்தை அனுப்பினாலும் நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பார்சலைத் தையுங்கள்.

லாட்டில் ஒரு புடவை கிழிந்திருக்கிறது என்று முழுப் பணத்தையும் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

முதலில் சீட்டு எண்ணைக் கேளுங்கள். நீங்கள் குறையை எழுதியிருந்து படமும் போட்டிருந்தால் பணிவாக அதை எடுத்துக் காட்டுங்கள். எழுதத் தவறியிருந்தால், விலை வைக்கும்போது அந்தப் புடவைக்கு நீங்கள் எழுதிய தொகையைத் திருப்பிவிடுங்கள்.

என் தொடக்க காலத்தில் முப்பது பருத்திப் புடவைகளை அவசரத்தில் விரித்துப் பார்க்காமல் அனுப்பினேன். ஏழில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. வாங்கியவர் திட்டவில்லை, 'இதை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்' என்று மட்டும் எழுதினார். ஏழுக்கும் பணம் திருப்பினேன். இன்றும் என்னிடம் வாங்குகிறார். அன்று முதல் ஜன்னலில் காட்டாத எதையும் நான் மூட்டையில் வைப்பதில்லை.

வெளிநாட்டுப் பழைய உடைகளை பேல் பேலாக (பெரிய கட்டுகளாக) இறக்கி விற்கலாமா?

பயன்படுத்திய உடைகளின் இறக்குமதி இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்டது, உரிமம் வேண்டும். யாராவது குறைந்த விலைக்கு பேல் தருகிறேன் என்றால் எந்த வழியாக வந்தது என்று ஆவணம் கேளுங்கள். காட்டாவிட்டால் விலகிவிடுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர் கொள்ளுப்பாட்டியின் புடவையைக் கேட்கிறார். நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். அனுப்பலாமா?

நிறுத்தி வையுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு பழமையான கைவினைப் பொருளும் தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைத்த பிறகே மேற்கொண்டு பேசுங்கள். அதே காரணத்தால், தெரியாமல் '100 வருடம் பழமை' என்று விளம்பரத்துக்காக எழுதுவதையும் தவிருங்கள்.

எதற்கும் உதவாமல் மிஞ்சுவதை என்ன செய்வது?

உதவாதது என்று மிகக் குறைவாகவே மிஞ்சும். இற்ற பட்டிலும் கரை பெரும்பாலும் உறுதியாக இருக்கும். ஓரம் பிரியாமல் வெட்டிச் சுருட்டி, 'கரை மட்டும்' என்று தனி லாட் கட்டுங்கள், ரவிக்கைக் கைக்கும் பாவாடை அடிக்கும் தையல்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். மெத்தென்ற பழைய பருத்தியை யாருக்கும் விற்க வேண்டாம், பிள்ளை பெற்ற வீட்டுக்குத் துணியாகக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அரக்குப் பட்டின் கரை இரண்டும் சேதமில்லாமல் வந்தன. தர்மபுரியில் பரதநாட்டியம் கற்றுக்கொள்ளும் ஒரு சிறுமியின் பாவாடையில் தைத்திருக்கிறார்கள். படம் அனுப்பியிருந்தார்கள். அதைப் பிரதி எடுத்து, புடவையைக் கொடுத்த காவேரிப்பட்டினத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.